திரும்பி வந்த குளவிகள்

இதனால் சகலருக்கும் பெருமையுடன் அறிவிக்கப்படுவது யாதெனில், மாவடிக் காட்டில் அழிந்துபோன அத்திக் குளவிகளின் மகரந்தச் சேர்க்கைத் திருப்பணியை இன்றுமுதல் அரசின் எந்திரக் குளவிகள் ஏற்று நடத்தும்.

அவற்றை மேய்க்கும் தற்காலிக வேலை பொம்மிக்குக் கிடைத்தது. காலையில் பெட்டியைத் திறந்துவிட்டாள். எள்ளளவுக் குளவிகள் பறந்துபோய் அத்திக்காய்களின் துளைக்குள் நுழைந்தன. மாலையில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

"உள்ள போன குளவி வெளிய வராதும்மா, அங்கயேதான் சாகும். நானே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கேன்" என்றார் அதிகாரி தேவசகாயம்.

"அப்புறம் என்ன சார், விட்டுடலாமே?"

"ஆடிட்டர் அதைப் படிக்கலையே! அரசாங்கச் சொத்து. பெட்டி நிறையலேன்னா உன் வேலை போச்சு, தாயி."

பொம்மி ஒரு காயைக் கத்தியால் பிளந்தாள். உள்சுவர் முழுக்கப் பொடிப்பொடியாய்ப் பூக்கள். மகரந்தம் அப்பிய குளவி ஒவ்வொரு பூவாக விசாரித்துக்கொண்டிருந்தது.

"ஆத்தி! இத்தனை பூவும் இதுக்குள்ளயா சார் இருக்குது?"

கட்டுரையில் மட்டுமே அதைப் பார்த்திருந்த தேவசகாயமும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

"அற்புதம்!" என்றார் அவர். "சரி, அதை எடுத்துப் பெட்டியில போட்டுட்டு அடுத்ததை வெட்டு."

ஒரு குளவிகூடத் தொலையவில்லை. பொம்மியின் வேலை நிரந்தரமானது. அந்த ஆண்டு காட்டில் ஓர் அத்திகூடப் பழுக்கவில்லை.