எல்லாருக்கும் முட்டை

"ஓடிபி வந்துருச்சு அம்மிணி, சீக்கிரம் போடு! போயிரப் போகுது!"

ஆளாளுக்கு செல்லைத் தூக்கிட்டு ஆபீஸ் ரூமுக்கு ஓடிட்டிருந்தோம். கேரளா பார்டர்ல, மீனாட்சிபுரத்துல எங்க குடோனே அன்னைக்கு அல்லோலகல்லோலப்பட்டுச்சு.

ரப்பர் பாலை உறைய வெக்கிற ஆசிட்டு, தமிழ்நாட்டுப் பக்கமிருந்து பீப்பாயில வரும். அதைப் பிளாஸ்டிக் கன்னாசுல ஊத்தி, மூடி, ஸ்டிக்கர் ஒட்டி, லாரியில ஏத்தி எஸ்டேட்டுகளுக்கு அனுப்பறது எங்க பொழப்பு. இப்ப கம்பெனிக்காரன் புதுசா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுட்டான். ஆசிட்டைத் தொடற அத்தனை பேரும் ஆன்லைன்ல பாதுகாப்பு டிரெய்னிங் பார்த்து, பரீட்சை எழுதிப் பாஸாகணுமாம். சாயங்காலத்துக்குள்ள முடிக்கலைன்னா லோடு கிடையாதாம்.

வீடியோ பூராவும் இங்கிலீஷு. எவனோ ஒருத்தன் முகமூடியைப் போட்டுட்டு என்னமோ சொல்லிட்டே இருக்கான். கோமதியக்கா கொஞ்ச நேரம் பார்த்துச்சு.

"இவன் கடைசி வரைக்கும் மூஞ்சியக் காட்ட மாட்டானாட்ட இருக்குது, முனீசு"ன்னு எங்கிட்டச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு.

மேனேஜர் சிஜு சார் தன்னோட மலையாளத் தமிழ்ல ஒரே வரியில முடிச்சுட்டாரு. "இந்து, நீ கெமிஸ்ட்ரி படிச்ச குட்டியல்லே? எல்லாருக்கும் நீயே எழுது. வேகம், வேகம்!"

இந்து எங்க ஆபீஸ்ல பில்லு போடற புள்ள. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாது.

"சார், இவங்களுக்கெல்லாம் கிளவுஸ் கேட்டிருந்தனுங்களே... கோமதியக்கா கை வேற..."ன்னு இழுத்துச்சு.

போன மாசம் கன்னாசு தளும்பி அக்கா கை வெந்து போச்சு. இன்னும் அந்தக் கையில துணியச் சுத்திட்டுத்தான் மூடி போட்டுட்டிருக்குது.

"அதொக்கெ அடுத்த மாசம் நோக்காம், பார்த்துக்கலாம். முதல்ல எல்லாரையும் பாஸாக்கு!"

இந்து ஆளாளுக்கு வர்ற ஓடிபியைக் கேட்டுக்கிட்டே கம்ப்யூட்டர் முன்னால போய் உக்காந்துக்குச்சு.

எனக்கு இருப்புக் கொள்ளல. வெளிய லாரி வந்து நின்னு ஹாரன் அடிக்குது. லோடு ஏறலைன்னா எங்களுக்குக் கூலி ஏது? கதவுகிட்டப் போறதும், எட்டிப் பார்க்கறதும், திரும்பறதுமா இருந்தேன். புள்ள நிதானமா ஒவ்வொரு கேள்வியும் படிச்சுப் படிச்சு டிக் போட்டுட்டிருந்துச்சு. பரவால்ல, பொறுப்பான புள்ளைன்னு நினைச்சுக்கிட்டேன்.

கொஞ்ச நேரத்துல எல்லார் செல்லுக்கும் மெசேஜ் வந்து விழுந்துச்சு.

"முனீசு, இங்க பாரு. எம்பேருக்குப் பக்கத்துல முட்டை போட்டிருக்குது. நூறு மார்க்குன்னா முன்னால ஒண்ணு இருக்கணுமே, எங்கண்ணுக்குத்தான் தெரியலையா?"

"இல்லீங்கக்கா. எனக்கும் முட்டைதான்."

எனக்கும் அக்காவுக்கும் மட்டுமில்ல. டிரைவருக்கு முட்டை, லோடுமேனுக்கு முட்டை, மேனேஜரோட மச்சானுக்கும் முட்டை.

சிஜு சார் கத்துனதுல கூரைப் புறாவெல்லாம் பறந்துச்சு. "எந்தா இந்து இது? அத்தனை பேருக்குமா?"

"கேள்வி ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுங்க சார்."

"இன்னொருக்கா எழுது!"

"ஒருக்காத்தாங்க விடுது. லாக் ஆயிருச்சு."

எனக்கு வந்துச்சே கோவம்! "ஏன் அம்மிணி, கண்ண மூடிட்டு டிக் போட்டிருந்தாக்கூட நாலு கேள்வி தப்பித் தவறிச் சரியா வந்திருக்குமே! நீயெல்லாம் காலேஜுல என்னத்தக் கிழிச்ச?"

"எங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டயே புள்ள"ன்னு கோமதியக்கா தலையிலடிச்சுக்குச்சு.

இந்து டிபன் பையை எடுத்துட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போயிருச்சு. லாரி வெறும் லாரியாத் திரும்புச்சு. மறுநாளும் வேலையில்ல. கேட்டுக்கு வெளிய உக்காந்து, அந்தப் புள்ளையத் திட்டித் திட்டியே பொழுதை ஓட்டுனோம்.

அதுக்கடுத்த நாள் காலையில கம்பெனி ஜீப்பு வந்துச்சு. இறங்குன அம்மா நல்ல தமிழ்ல பேசுச்சு. முழங்கை வரைக்கும் கிளவுஸ், கண்ணாடி, ஏப்ரன் எல்லாம் ஆளுக்கொண்ணு. கண்ணுல தெறிச்சா என்ன பண்ணணும், மேல பட்டா எவ்வளவு தண்ணி ஊத்தணும்னு ஒவ்வொண்ணா எங்களையே செஞ்சு காட்ட வெச்சுச்சு. கண்ணு கழுவறதுக்குன்னே ஒரு குழாயை அங்கயே நின்னு போட வெச்சுச்சு.

கோமதியக்கா கையைப் பிரிச்சுப் பார்த்ததும் அந்தம்மா மூஞ்சி மாறிப் போச்சு.

"இந்தக் கையோடவா ஆசிட்டுல வேலை வாங்கறீங்க?"

சிஜு சார் மேல ஃபேனைப் பார்த்தாரு.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆறுற வரைக்கும் இவங்க ஸ்டிக்கர் மட்டும் ஒட்டட்டும்."

மத்தியானம் தமிழ்லயே கேள்வி கேட்டுச்சு. எல்லாரும் பாஸு. லோடும் விட்டாச்சு. போறப்ப அந்தம்மாவே சிரிச்சுட்டுச் சொல்லுச்சு.

"நாலஞ்சு மார்க் வாங்கியிருந்தாக்கூட, மறுபடியும் வீடியோ பாருங்கன்னு விட்டிருப்போம். ஒரு குடோனே முட்டை வாங்குனா, பாஷை புரியலைன்னு ஆளை நேர்ல அனுப்பணும்னு பரீட்சையோட முதல் பக்கத்துலயே ரூல் போட்டிருக்கோம். இப்படி ஒரு குடோனை நான் இப்பத்தாங்க பார்க்கறேன்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. நேரா ஆபீஸ் ஜன்னலுக்குப் போனேன். இந்து எங்க லோடுக்குத்தான் பில்லு போட்டுட்டிருந்துச்சு.

"ஏன் அம்மிணி, அதெப்படி அத்தனை பேருக்கும் ஒரு கேள்விகூடச் சரியா வரல?"

புள்ள தலைய நிமிர்த்தல.

"நாந்தான் அன்னைக்கே சொன்னனேங்ணா, ரொம்பக் கஷ்டம்னு. ஒண்ணு விடாமத் தப்பாப் போடணும்னா, எல்லாத்துக்கும் சரியான பதில் தெரிஞ்சிருக்கணுமில்லீங்களா?"