முதல் பட்டதாரி

சட்டக் கல்லூரியில் சுகந்திக்கு இடம் கிடைத்துவிட்டது. கட்டணச் சலுகை வேண்டுமானால், குடும்பத்தில் அவள்தான் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கிவர வேண்டும். அண்ணன் பி.எஸ்சி. முடித்தவன், போன வருஷம் விபத்தில் போய்விட்டான் என்று அவள் சொன்னபோது, “இறந்தாலும் பட்டதாரி பட்டதாரிதாம்மா” என்றார் அலுவலகத்தில் இருந்தவர். செத்தவனிடமிருந்து பட்டத்தைத் திருப்பி வாங்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை. சலுகை இல்லாமல் அந்தக் கட்டணத்தை அம்மாவால் இந்தப் பிறவியில் கட்ட முடியாது. அண்ணன் பெயரை விட்டுவிட்டே சான்றிதழுக்கு மனுப் போட்டார்கள்.

ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த வி.ஏ.ஓ. வீட்டுக்கு விசாரிக்க வருகிறார் என்றதும், கறுப்பு அங்கியும் தொப்பியுமாக அண்ணன் சிரிக்கும் படத்தை அம்மா மாலையோடு கழற்றி அரிசி டிரம்முக்குள் இறக்கி மூடினாள்.

“எத்தனை பிள்ளைங்கம்மா?” என்று கேட்டார் அவர்.

அவன் போன பிறகும், யார் கேட்டாலும் ரெண்டு என்றே சொல்லிவந்தவள் அம்மா. சுகந்தி தரையைப் பார்த்தாள்.

“இவ ஒருத்திதான் சார்.”

எழுதிக்கொண்டே அவர் நிமிர்ந்தார். சுவரில் வெறும் ஆணி. அதன் கீழே, காரியம் முடிந்த நாளிலிருந்து இரவும் பகலும் எரியும் குட்டிச் சிவப்பு பல்பை இருவருமே மறந்திருந்தார்கள்.

“இது யாருக்கும்மா?”

பேனா நின்றுவிட்டது. அம்மா எழுந்து போனாள்.

“யாருக்கும் இல்ல சார், சும்மா எரியுது” என்று சுவிட்சை அணைத்தாள்.