நாற்பது தொட்டித் தக்காளி

"நாற்பது செடிக்கும் ஒரே டி.என்.ஏ.வாம்! கூடப் பிறந்ததுங்ககூட இப்படி அச்சு அசலா இருக்குமா?"

ரிப்போர்ட்டை மேசையில் அடித்தாள் விஞ்ஞானி. தண்ணீர் இல்லாமல் தாங்கும் தக்காளிக்காக அவள் கலப்பினம் செய்து, வீட்டு மாடியில் வளர்க்கும் செடிகள் அவை.

"இன்னொரு தடவை பார்க்கச் சொல்லேன்," என்றான் கணவன்.

"பார்த்தாச்சு! வறட்சி தாங்குற மரபணு அடையாளம் நாற்பதுலயும் இருக்காம். ஒண்ணுல இருந்தாலே பெரிசு! அந்த லேப் பொண்ணு ஒரே இலையை எல்லாச் சோதனைக் குழாய்லயும் போட்டுத் தொலைச்சிருக்கா. இன்னிக்கே அவ சீட்டைக் கிழிக்கறேன்."

போனை எடுத்தாள். கணவன் வெடுக்கென்று பிடுங்கினான்.

"பாவம், அவளை விட்டுடு. நீ பயிற்சிக்கு வெளியூர் போனப்போ தண்ணி ஊத்த மறந்துட்டேன். எல்லாம் கருகிடுச்சு. உன் வாய்க்கு பயந்து, தப்பிச்ச ஒண்ணையே ஒடிச்சு ஒடிச்சு எல்லாத் தொட்டியிலயும் நட்டு வெச்சேன்."

அவள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அடப்பாவி மனுஷா! நான் வருஷக்கணக்கா தேடினதே அந்த ஒண்ணைத்தானே! இப்போ ஆராய்ச்சிக் கட்டுரையில என்னத்தை எழுதுவேன்? 'புருஷன் தண்ணி ஊத்த மறந்துட்டார்'னா?"