சீனத்துத் தூபப் பெட்டி

திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது ரஹீமாவின் உத்தரவு.

நான் கூடத்தில், அடுப்படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மனைவி பித்தளைப் பெட்டியில் தூபப் பொடியைக் கொளுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி சீனாவிலிருந்து வந்தது. அங்கே டாக்டருக்குப் படிக்கப் போன மகள் ஆஃபியா, கொரோனாவில் ஊர் திரும்பியபோது கொண்டுவந்தாள். அந்தக் காலத்துச் சீனர்கள் நட்சத்திரம் பார்த்து நேரம் சொன்னார்களாம். தண்ணீரைச் சொட்டவிட்டும் அளந்தார்களாம். வானம் மூடிக்கொண்டு, குளிரில் தண்ணீரும் உறைந்துவிட்டால்? அதற்குத்தான் இந்தப் பெட்டி.

உள்ளே வளைந்து வளைந்து போகும் ஒரு பள்ளம். அதில் பொடியை நிரப்பி ஒரு முனையில் நெருப்பு வைத்தால் மெல்ல ஊர்ந்து போகும். வளைவுக்கு ஒரு மணம். மணம் மாறினால் பொழுது மாறிவிட்டதென்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

மூக்கு இருப்பவர்கள் சொல்லலாம்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும்தான் காய்ச்சல் வந்தது. போகும்போது என் மூக்கைப் பிடுங்கிக்கொண்டு போனது. கோட்டைப்பட்டினத்தில் அத்தர் கடை வைத்திருப்பவனுக்கு மூக்கு போனால் மிச்சம் என்ன இருக்கிறது? அசல் ஊது அத்தர் என்று நம்பி வெறும் எண்ணெயை வாங்கி வைத்தேன். வாடிக்கையாளர் முகர்ந்து பார்த்துவிட்டு, பாவம் என்று குப்பியை மூடி வைத்துவிட்டுப் போனார். ரம்ஜான் வரை பார்ப்பது, சரியாகாவிட்டால் கடையை மூடிவிடுவது என்று இருந்தேன்.

தினமும் மணங்களை முகர்ந்து பழகச் சொன்னார் டாக்டர். உடனே ரஹீமா இந்தப் பெட்டியைத் தூசி தட்டி எடுத்தாள். சந்தனம், கிராம்பு, ரோஜா. வரிசையைத் தினமும் மாற்றிவிடுவாள். நெருப்பு எந்த வளைவில் இருக்கிறதென்று பார்த்துக்கொண்டே என்னைக் கேட்பாள். நான் குத்துமதிப்பாக எதையாவது சொல்லிவைப்பேன்.

"எனக்கு மூக்கைத் துளைக்குதுங்க, ஒங்களுக்கு வரலையா? நல்லா இழுத்துப் பாருங்க" என்பாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூக்குள்ள மகராசி, என்ன வேண்டுமானாலும் பேசலாம்.

அன்றைக்கும் ஒன்றும் வரவில்லை. போதுமென்று எழுந்திருக்கப் பார்த்தேன்.

அப்போதுதான் வந்தது. சந்தனம் இல்லை. ரோஜாவும் இல்லை. தீய்ந்துபோன, குமட்டுகிற வாடை. அவ்வளவு நல்ல வாடையை என் ஆயுளில் முகர்ந்ததில்லை.

"ரஹீமா, பாலு அடிப்பிடிச்சிருச்சு!"

அல்ஹம்துலில்லாஹ் என்று கத்திக்கொண்டே அடுப்படிக்குள் ஓடினேன். பாயசத்துக்காகச் சிறு தீயில் வைத்த பால் சுண்டி, பாத்திரத்தின் அடி கறுத்துக்கொண்டிருந்தது. ரஹீமாவின் முதுகுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில்தான் அடுப்பு. நான் கத்திய பிறகே அவள் திரும்பினாள்.

அவசரமாக அணைத்தாள். கண் கலங்க என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பாத்திரத்தின் மேல் குனிந்து மூச்சை ஆழமாக இழுத்தாள். இன்னொரு முறையும் இழுத்தாள்.

"வாடை ரொம்ப வருதாங்க?" என்று கேட்டாள்.

படைத்தவனுக்கு நன்றி சொல்லிவிட்டேன். இவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டுபோய்க் குழாயடியில் தேய்க்க உட்கார்ந்தேன்.