ஊசி குத்திய இடம்

பாதி உடம்பாக இளைத்து, தொங்கிய வயிற்றுத் தோலை ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து எட்டு மாதமாகிறது. தையல்காரி கண்ணாடி முன் நின்று, தான் உடுத்தியிருக்கும் பழைய பாவாடையை இடுப்பில் பிடித்துத் தைப்பதற்காக, உதட்டில் கவ்விய குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் குத்துகிறாள். சன்னல் வெயிலில் ஊசித் தலைகள் மின்னுகின்றன. கழற்றப் பார்த்தால், தொப்புளுக்குக் கீழே பாவாடை பிடித்துக்கொண்டு வர மறுக்கிறது. "அம்மா, ரத்தம்!" கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு மகள் ஓடிவருகிறாள். "எங்கடி?" துணியோடு தன் தோலையும் சேர்த்துக் குத்தியிருக்கிறாள். அந்த இடம் இன்னும் மரக்கட்டைதான்; தொட்டால் யாருடைய வயிற்றையோ தொடுவதுபோல் இருக்கிறது. போகப் போக உணர்ச்சி வரும் என்று டாக்டர் சொன்னதை மகள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை உருவுகிறாள். "வலிக்குதாம்மா?" ஊசியை மேசைமேல் வைத்துவிட்டு மகள் நிமிர்ந்து பார்த்த பிறகுதான், "ஸ்ஸ்... ஆமாடி" என்று தையல்காரி முகத்தைச் சுளிக்கிறாள்.