இங்கே கொய்தியாவ் கிடையாது

"உனக்கு இனிமே இங்க கொய்தியாவ் கிடையாது. எழுந்து போடா!"

தெய்க் ஹின் வாணலி விளிம்பில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். கடையே திரும்பிப் பார்த்தது.

எங் சுவானுக்கு முகம் செத்துவிட்டது. முப்பது வருஷமாக இதே கடை, இதே நாற்காலி. பன்றிக்கொழுப்பில் புரட்டிய அந்த அரிசி நூடுல்ஸ் இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது.

இதயக் குழாயில் இரண்டு அடைப்பு. "ஆறு மாசம் மாத்திரை, நடை. கொழுப்பைத் தொடக் கூடாது. சரிவரலேன்னா நெஞ்சைத் திறக்கணும்" என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம்தான் ஆகிறது. நடை என்று அவர் நடந்தது, வீட்டிலிருந்து இந்தக் கடைக்கு இருபதடி.

"ஏண்டா, வியாபாரம் வேணாமா உனக்கு?"

"என் கடையில விழுந்து வச்சீன்னா உன் பொண்டாட்டிக்கு யாருடா பதில் சொல்றது?"

யாரோ சிரித்தார்கள்.

"பினாங்குல நீ ஒருத்தன்தான் வாணலி பிடிக்கிறியா? புலாவ் தீக்குஸ் சந்தையில கடை போட்டிருக்கிற காய்க் சூ கைக்கு முன்னால நீ தூசு!"

"போயேன். யாரு பிடிச்சு வச்சா?"

மோட்டார் சைக்கிள் சாவியை மனைவி ஒளித்து வைத்திருந்தாள். எங் சுவானை வீம்பு விடவில்லை. மறுநாள் காலையில் மூன்று கிலோமீட்டர் நடந்தே போனார், நடந்தே திரும்பினார். தெய்க் ஹின் கடை வாசலில் நின்று பெரிதாக ஓர் ஏப்பம் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தார்.

காய்க் சூ அரைத் தட்டுதான் போடுவாள். அதிலும் பாதி முளைப்பயறு.

"என் கைப்பக்குவம் இப்படித்தான் அண்ணே."

வீம்புக்கு அதுவும் ருசித்தது. மழை நாளில் குடை பிடித்துப் போனார். கால்சட்டை இரண்டு முறை இடுப்பில் தளர்ந்தது.

ஆறு மாதம் கழித்து டாக்டர், "இப்போதைக்குக் கத்தி வேணாம். இப்படியே நடங்க" என்றார்.

மறுநாள் விஷயத்தைச் சொன்னதும், காய்க் சூ அடுப்பைக் குறைத்துவிட்டுக் கைபேசியில் யாரையோ அழைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"அண்ணே, ஆபரேஷன் வேணாமாம்! இன்னைக்கும் நடந்துதான் வந்தாரு. நீங்க சொன்ன மாதிரியே, கொழுப்பு போடல."

மறுமுனையில் வாணலி விளிம்பில் இரண்டு தட்டு.

"அந்தக் கிழவன்கிட்ட சொல்லு, நாளைக்கும் இங்க அவனுக்குக் கொய்தியாவ் கிடையாது."