கத்தரித்த பக்கம்

தன் முன்னோரைப் பற்றி விசாரித்து எழுதியதற்கு அயர்லாந்திலிருந்து வந்த பதிலை மேபல், மாதா கோயில் உபதேசியார் சவரிராயனிடம் நீட்டினாள். பொன்மலையில் முப்பது வருஷம் இங்கிலீஷ் பாடம் நடத்திய ஆங்கிலோ இந்திய டீச்சர் அவள். ஆனாலும் அதை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"பழைய பதிவேடெல்லாம் தீயில போச்சாம், மிஸ். உங்க தாத்தாவோட அப்பா பேரு மட்டும் பத்தாதாம். பொறந்த ஊரு தெரிஞ்சா, அந்த ஊர் மாதா கோயில் பதிவுல தேடித் தர்றாங்களாம்."

மேபல் குடும்ப பைபிளின் முதல் தாளைத் திறந்தாள். 'பேட்ரிக் டாய்ல், மனைவி' என்ற கையெழுத்துக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் ஓட்டை.

"எலியா?"

"கத்திரிக்கோல். அக்காவைப் பொண்ணு பார்க்க வர்றவங்களுக்கு கொள்ளுத்தாத்தா பெண்சாதி தமிழச்சின்னு தெரியக்கூடாதுன்னு அம்மா வெட்டச் சொன்னா. எனக்குப் பன்னெண்டு வயசு. கோணாம வெட்டினேன்னு மெச்சிக்கிட்டா."

உபதேசியார் தாளைத் திருப்பினார். பின்பக்கமும் அதே கையெழுத்து: 'நான் பிறந்த ஊர்.' அதற்கப்புறம் ஓட்டை. ஓட்டையில் அவர் விரல் தெரிந்தது.

"வெட்டின துண்டு?"

"அடுப்புல போட்டேன்."

"திருப்பிப் பார்க்கலையா, மிஸ்?"

"முன்பக்கம்தான் படிச்சேன். பேச்சியம்மாள், லால்குடி."

"லால்குடியா? இந்தா இருக்கு, பஸ்ல முக்கால் மணி. போயிருக்கீங்களா?"

மேபல் பைபிளை மூடி வைத்தாள். கடிதத்தோடு வந்த படிவத்தை அவர் அவள் பக்கம் தள்ளினார்.

"முன்னோர் பொறந்த ஊருன்னு ஒரு கட்டம் இருக்கே. என்ன எழுதப் போறீங்க?"

அவள் பேனா மூடியைக் கழற்றினாள். எழுதவில்லை. திரும்ப மூடவும் இல்லை.